இரு சில்லுகளின் பேச்சு

விரல் பட்டவுடன் எரியும் விளக்குகளும், தொட்டவுடன் விழித்துக்கொள்ளும் கைபேசிகளும் இன்று நமக்கு வியப்பூட்டுவதில்லை. தொடுதலை உணர்வது ஒரு சில்லு; உணர்ந்ததைக் கேட்டறிந்து, செய்யவேண்டியதைச் செய்வது மற்றொரு சில்லு. இரண்டுக்கும் இடையே ஓயாமல் ஒரு பேச்சு நடந்துகொண்டே இருக்கிறது. அப்பேச்சு திடீரென்று நின்றுவிட்டால், அது எந்த இடத்தில் நின்றது, எக்காரணத்தால் நின்றது என்று அறிவது எங்ஙனம்? இயற்பியலையோ மின்னணுவியலையோ பயிலும் நம்மவர்களில் பலர் ஏதேனும் ஒரு பருவத்தில் இக்கேள்வியை எதிர்கொள்ளவே செய்கின்றனர். அதற்கு விடை காண ஓர் ஒழுங்குமுறை உண்டு. அதனை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

எடுத்துக்காட்டாக, என் முதுகலைச் செய்முறைத் திட்டத்தையே வைத்துக்கொள்வோம். விளக்கு ஒன்று எரிந்ததும் ஒருவர் தம் விரலால் ஒரு தகட்டைத் தொடவேண்டும். விளக்கு எரிந்ததற்கும் விரல் பட்டதற்கும் இடையே சென்ற காலத்தை அளக்கவேண்டும். இதனை எதிர்வினை நேரம் என்பர். நல்ல உடல்நிலையில் உள்ள இளைஞர்க்கு இது ஏறத்தாழ 200 மில்லிவினாடி. அதாவது ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. அளக்க வேண்டிய காலமே இவ்வளவு சிறியது. எனவே இரு சில்லுகளின் பேச்சில் எழும் சிறு தடுமாற்றமும் அளவைக் கெடுத்துவிடும் என்பதை முதலிலேயே மனத்திற்கொள்க.

நான் பயன்படுத்திய தொடுசில்லு எம்.பி.ஆர். 121 என்பது. ஃப்ரீஸ்கேல் நிறுவனம் வடிவமைத்தது. அந்நிறுவனம் 2015இல் என்.எக்ஸ்.பி. நிறுவனத்தோடு இணைந்தது. இச்சில்லு பன்னிரண்டு தகடுகளைக் கவனிக்க வல்லது. விரல் அருகே வந்தால் தகட்டின் மின்தேக்குதிறன் மாறும். அம்மாற்றத்தைக் கொண்டே தொடுதலை அறிகிறது. கேள்வி கேட்கும் பணி மைக்ரோகண்ட்ரோலருக்கு உரியது. அதனை இங்குக் கட்டுப்பாட்டுச் சில்லு என்று அழைப்போம். தொடுதகடுகளை இருட்டுப் பெட்டி ஒன்றனுள் வைக்க வேண்டியிருந்ததால், இரண்டுக்கும் இடையே ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பட்டைக்கம்பி சென்றது.

பேச்சு நடந்தது, ஆனால் ஒழுங்காக நடக்கவில்லை. சில வேளை பதில் வந்தது; சில வேளை வரவில்லை. "அண்ணா, பதில் வராவிட்டால் பத்து முறை திரும்பத் திரும்பக் கேட்கும்படி நிரல் எழுதிவிடுங்கள்; வேலை முடிந்தது" என்றான் நம் சங்கத்துத் தம்பி ஒருவன். அவன் சொன்னவாறு செய்தால் பதில் வந்துவிடும் என்பதில் ஐயமில்லை. ஆயின், மூன்றாம் முறை கேட்டு வந்த பதிலும் முதல் முறையே வந்த பதிலும் காலத்தால் ஒன்றாகுமா? தாமதமெல்லாம் தொட்டவரின் கணக்கில் ஏறிவிடுமே! கையில் எண்கள் இருக்கும். அவை யாருடைய எதிர்வினை நேரம் என்றுதான் சொல்ல இயலாது. ஆதலால் மறைக்கும் மருந்தை விடுத்து, நோயின் காரணத்தைத் தேடலானேன்.

பேச்சின் இலக்கணம்

காரணத்தைத் தேடுமுன் பேச்சின் இலக்கணத்தை அறிதல் வேண்டும். இச்சில்லுகள் ஐ-டூ-சி என்னும் முறையில் பேசுகின்றன. 1982ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனம் வகுத்த முறை இது. இதற்கு இரண்டே கம்பிகள் போதும். ஒன்று செய்திக் கம்பி. மற்றொன்று கடிகாரக் கம்பி. முதலில் வினாடிக்கு 1,00,000 துடிப்புகள் என்ற வேகம் வகுக்கப்பட்டது. 1992இல் 4,00,000 என்ற விரைவு முறையும் சேர்ந்தது.

கல்கத்தாவின் டிராம் வண்டிகளில் சென்றவர்கள், நடத்துநர் கயிற்றை இழுத்து மணியடிப்பதைக் கண்டிருப்பர். கயிற்றை யாரும் இழுக்கலாம். ஆனால் தள்ள முடியாது. கையை விட்டால், அது தானே பழைய நிலைக்குத் திரும்பவேண்டும். ஐ-டூ-சிக் கம்பிகளும் இத்தகையனவே. எந்தச் சில்லும் கம்பியின் மின்னழுத்தத்தைக் கீழே இழுக்க முடியும். மேலே தள்ளும் உரிமை எதற்கும் இல்லை. மேலே கொண்டுவருவது ஒரு மின்தடை. கம்பியை மின்வழங்கியோடு இணைத்து நிற்கும் அதனை மேலிழுதடை என்று சொல்லலாம்.

கடிகாரக் கம்பி மேலே இருக்கையில் செய்திக் கம்பி கீழிறங்கினால், பேச்சு தொடங்கிற்று என்று பொருள். அடுத்து, கேட்கவேண்டிய சில்லின் முகவரி ஏழு பிட்டுகளில் செல்லும். எட்டாவது பிட், 'எழுதப்போகிறேன்' அல்லது 'படிக்கப்போகிறேன்' என்பதைத் தெரிவிக்கும். ஒன்பதாவது துடிப்பின்போது கட்டுப்பாட்டுச் சில்லு செய்திக் கம்பியை விட்டுவிடும். தன் முகவரியைக் கேட்ட சில்லு அப்போது கம்பியைக் கீழே இழுக்க வேண்டும். இதுவே 'கேட்டேன்' என்னும் ஏற்புக்குறி. கம்பி மேலேயே நின்றால், கேட்பார் எவரும் இல்லை என்று பொருள்.

இவ்விலக்கணத்தை அறிந்தபின், 'பதில் வரவில்லை' என்ற ஒரே வாக்கியம் பல கேள்விகளாகப் பிரிகிறது. உயிர் இருக்கிறதா? கம்பி மேலெழுகிறதா? முகவரி சரியா? ஏற்புக்குறி வந்ததா? ஏற்றபின் சொன்னது பதிந்ததா? இவற்றை இந்த வரிசையிலேயே கேட்டல் வேண்டும். முந்தியதற்கு விடை கிடைக்குமுன் பிந்தியதைத் தொட்டால் குழப்பமே மிஞ்சும்.

உயிரும் ஓய்வுநிலையும்

முதற்கேள்விக்கு மல்டிமீட்டர் ஒன்றே போதும். மின்வழங்கியின் முனையில் அளப்பது போதாது; தொடுசில்லின் கால்களிலேயே அளக்க வேண்டும். எம்.பி.ஆர். 121க்கு 1.71 முதல் 3.6 வோல்ட் வரை தேவை. 5 வோல்ட்டை நேரே கொடுத்தால் சில்லு கெடும்.

5 வோல்ட்டில் இயங்கும் கட்டுப்பாட்டுச் சில்லோடு இதை இணைப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐ-டூ-சி முறையில், மின்வழங்கியின் அளவில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் எழுந்தால்தான் அது 'மேல்' என்று உறுதியாகக் கொள்ளப்படும். 5 வோல்ட்டில் எழுபது பங்கு 3.5 வோல்ட். தொடுசில்லின் பக்கம் கம்பி எழுவதோ 3.3 வோல்ட் வரைதான். மேசைமேல் ஒருநாள் வேலை செய்தாலும், இவ்விணைப்பை நம்புவதற்கில்லை. இடையில் அழுத்தமாற்றி ஒன்று வேண்டும். அல்லது இரண்டையும் 3.3 வோல்ட்டிலேயே இயக்க வேண்டும். என் அமைப்பு இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

பேச்சு நடவாதபோது இரு கம்பிகளும் மேலே நிற்கவேண்டும். மேலிழுதடை இல்லாவிட்டால் அவை மேலே நில்லா. செய்திக் கம்பி மட்டும் கீழேயே கிடந்தால், வேறு காரணம் இருக்கலாம். தொடுசில்லு பதில் சொல்லிக்கொண்டிருக்கையில் கட்டுப்பாட்டுச் சில்லை நடுவில் நிறுத்தித் திரும்பத் தொடங்கினால், தொடுசில்லு சொல்லவந்த பிட்டை இன்னும் பிடித்துக்கொண்டே காத்திருக்கும். அத்தறுவாயில் கடிகாரக் கம்பியில் ஒன்பது துடிப்புகளைக் கொடுத்தால், அது தன் பேச்சை முடித்துக் கம்பியை விட்டுவிடும். மின்சாரத்தை நிறுத்திப் போட்டாலும் இதே பயன் கிட்டும். ஆனால் ஏன் கிட்டியது என்பது தெரியாமற் போய்விடும்.

கம்பியின் சுமை

என் அமைப்பில் மின்னழுத்தம் சரியாகவே இருந்தது. ஓய்வுநிலையில் கம்பிகளும் மேலேயே நின்றன. அடுத்த கேள்வி, கம்பி வேண்டிய விரைவில் மேலெழுகிறதா என்பது. இதனை மல்டிமீட்டர் காட்டாது, ஆசிலாஸ்கோப் வேண்டும்.

திரையில் கீழிறங்கும் ஓரம் சுவர்போல் நேராக நின்றது. மேலேறும் ஓரமோ சுறாமீனின் துடுப்பைப்போல் வளைந்து வளைந்து ஏறியது. உச்சியை அடையுமுன்பே அடுத்த இறக்கம் வந்துவிட்டது. காரணம் எளிது. ஒவ்வொரு கம்பிக்கும், ஒவ்வொரு சில்லின் காலுக்கும் சிறிதளவு மின்தேக்குதிறன் உண்டு. மேலிழுதடையின் வழியாகவே அது நிரம்பவேண்டும். தடை பெரிதானால் நிரம்பும் காலமும் பெரிதாகும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஐ-டூ-சி முறையில், கம்பி நூற்றுக்கு முப்பது பங்கிலிருந்து எழுபது பங்குவரை ஏறும் காலத்தையே எழுகாலம் என்பர். 3.3 வோல்ட்டில் இது 1 வோல்ட்டிலிருந்து 2.3 வோல்ட் வரை எனலாம். எழுகாலம், தடையையும் மின்தேக்குதிறனையும் பெருக்கி வந்த தொகையில் 0.85 பங்கு ஆகும். தொடுசில்லுப் பலகையில் இருந்த மேலிழுதடை 10 கிலோஓம். நீண்ட கம்பியும் சில்லுகளின் கால்களுமாகச் சேர்ந்து மின்தேக்குதிறன் 100 பிக்கோஃபாரட் என்று கொண்டால், எழுகாலம் 0.85 மைக்ரோவினாடி. 1,00,000 துடிப்பு வேகத்தில் 1 மைக்ரோவினாடி வரை எழுகாலம் அனுமதிக்கப்படுகிறது. ஆகவே தட்டுத்தடுமாறியேனும் தேறிவிடும். 4,00,000 துடிப்பு வேகத்திலோ 0.3 மைக்ரோவினாடிதான் எல்லை. ஏறத்தாழ மூன்று மடங்கு மிஞ்சிவிட்டது. சில வேளை பதில் வந்ததும் சில வேளை வராததும் இதனாலேயே.

10 கிலோஓம் தடைக்கு இணையாக 2.2 கிலோஓம் தடை ஒன்றைச் சேர்த்தால், இரண்டும் கூடி 1.8 கிலோஓம் ஆகும். எழுகாலம் 0.15 மைக்ரோவினாடியாகக் குறையும். தடையை விருப்பம்போல் குறைத்துக்கொண்டே போகலாமோ எனில், ஆகாது. கம்பியைக் கீழே இழுக்கும் சில்லு அவ்வளவு மின்னோட்டத்தையும் தாங்கவேண்டும். 3 மில்லிஆம்பியரைத் தாங்கி 0.4 வோல்ட்டுக்குள் இறக்குவது விதி. அதன்படி 3.3 வோல்ட்டில் தடை 970 ஓமுக்குக் குறையலாகாது. நம் 1.8 கிலோஓம் இரண்டு எல்லைகளுக்கும் நடுவே அமைந்தது. சாந்தினிச் சந்தையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் இரண்டு மின்தடைகளே மருந்தாயின.

கருவியும் ஒரு சுமையே

இங்கு ஓர் எச்சரிக்கை. ஆசிலாஸ்கோப்பின் முனையைக் கம்பியில் வைத்தால் அதன் மின்தேக்குதிறனும் கம்பியோடு சேர்ந்துவிடும். முனையின் விசையை '1' என்ற நிலையில் வைத்தால் இது ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட். '10' என்ற நிலையில் பத்துப் பதினைந்துதான். முதல் நிலையில் அளந்தால், நோயைக் காணவந்த கருவியே நோயை இரட்டிப்பாக்கும். தொடுதகட்டிலேயே முனையை வைத்தால் கேட்கவே வேண்டா. தொடுசில்லு அதனை விரல் என்றே கொள்ளும்.

இவ்வுண்மையை இந்நகரில் நூறாண்டுகளுக்கு முன்னரே ஒருவர் நன்கு உணர்ந்திருந்தார். அவர் ஆசாரியர் ஜகதீச சந்திர போஸ். தொட்டாற்சுருங்கியின் இலை, தூண்டுதல் பெற்ற எவ்வளவு நேரத்தில் சுருங்கத் தொடங்குகிறது என்று அளக்க விரும்பினார் அவர். இலையோடு ஒரு நெம்புகோலை இணைத்து, அதன் நுனி புகைபடிந்த கண்ணாடியில் கோடு வரையும்படி செய்யலாம். ஆனால் மெல்லிய இலைக்குக் கண்ணாடியின் உராய்வே பெருஞ்சுமையாகிவிடும். எனவே எழுதுமுனை எப்போதும் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிராமல், அதிர்ந்து அதிர்ந்து விட்டுவிட்டுத் தொடுமாறு அமைத்தார். கோட்டுக்குப் பதிலாகப் புள்ளிகள் விழுந்தன. உராய்வு மிகவும் குறைந்தது. அதிர்வின் வேகம் முன்பே தெரியுமாதலால், புள்ளிகளை எண்ணினாலே காலமும் கிடைத்தது. சுமையை நீக்கிய அதே வழி கடிகாரமாகவும் பயன்பட்டதை எண்ணி எண்ணி வியக்கலாம்! அவர் 1917 நவம்பர் 30ஆம் நாள் நிறுவிய போஸ் ஆராய்ச்சி நிலையத்தின் காட்சியகம் ஆசாரிய பிரபுல்ல சந்திர சாலையில் இருக்கிறது. சில்லும் திரையும் இல்லாத காலத்தில், இந்நகரத்துக் கைவினைஞரைக் கொண்டு அவர் செய்வித்த கருவிகளை நம் மாணவர் ஒருமுறை சென்று காண்பது நலம்.

முகவரியும் மறுதொடக்கமும்

கம்பி நலமாயிருந்தும் ஏற்புக்குறி வரவில்லையெனில் முகவரியை ஐயுறுக. எம்.பி.ஆர். 121இன் முகவரி, அதன் முகவரிக் கால் எங்கு இணைக்கப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்தது. தரையோடு இணைத்தால் 90, மின்வழங்கியோடு 91, செய்திக் கம்பியோடு 92, கடிகாரக் கம்பியோடு 93. இவை ஏழு பிட் முகவரிகள். எட்டாவது பிட்டையும் சேர்த்து எண்ணுவோர் 90ஐ எழுதும்போது 180 என்றும், படிக்கும்போது 181 என்றும் குறிப்பர். இரண்டு வழக்கும் சரியே. ஆனால் ஒருவர் குறிப்பைப் பார்த்து மற்றொரு வழக்கின் நிரலில் எழுதினால், இல்லாத வீட்டுக் கதவைத் தட்டியதாகும்.

படிப்பதில் மற்றொரு நுட்பம் உண்டு. முதலில் 'இன்ன பதிவகம் வேண்டும்' என்று எழுதிக் காட்டி, பின்னர் படிக்கவேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே பேச்சை முடிக்கும் நிறுத்தக்குறியை இடாமல், மறுபடியும் ஒரு தொடக்கக்குறியை இடவேண்டும். நிறுத்தக்குறி இட்டுவிட்டால் ஏற்புக்குறி ஒழுங்காகவே வரும். வரும் எண்தான் நாம் கேட்ட பதிவகத்தின் எண்ணாக இராது.

பதில் வந்தபின்

கம்பியைச் சரிசெய்தபின் என் சில்லுகள் தடையின்றிப் பேசின. பலர் இவ்விடத்தில் நிறுத்திக்கொள்வர். ஆனால் பேச்சு நடக்கிறது என்பதாலேயே சொல்வது மெய் என்று ஆகிவிடாது. அமைதி நம்மை ஏமாற்றுவதில்லை. தவறான பதிலே ஏமாற்றும்.

இச்சில்லின் 93ஆம் பதிவகம், தொடுதலை எவ்வளவு காலத்திற்கு ஒருமுறை பார்ப்பது என்பதைத் தீர்மானிக்கிறது. சில்லு விழித்தெழும்போது அதில் 36 என்ற எண் இருக்கும். இது சில்லு உயிரோடிருப்பதைச் சோதிக்கவும் பயன்படும்; அந்த எண்ணைப் படித்து 36 என்றே வந்தால் எழுதுதலும் படித்தலும் நலமே. ஆனால் 36 என்பதன் பொருள் என்ன? 16 மில்லிவினாடிக்கு ஒருமுறை பார். நான்கு முறை பார்த்தபின் முடிவு சொல் என்பதே. நான்கு பதினாறு அறுபத்து நான்கு. விரல் பட்டு 64 மில்லிவினாடி வரை சென்றபின்பே செய்தி வரும்! விளக்கணைக்கும் பலகைக்கு இது பொருட்டன்று. 200 மில்லிவினாடியை அளக்க வந்தவனுக்கோ, அளவில் மூன்றிலொரு பங்கு சில்லின் சோம்பலாகவே போய்விடும்.

இதனை மாற்ற 93ஆம் பதிவகத்தில் 32 என்று எழுதவேண்டும். அப்போது 1 மில்லிவினாடிக்கு ஒருமுறை பார்த்து, நான்கில் முடிவு சொல்லும். மின்னோட்டச் செலவு மட்டும் சற்றுக் கூடும். ஆயினும் சில்லு இயங்கிக்கொண்டிருக்கையில் எழுதினால் அது பதியாது. 94ஆம் பதிவகத்தில் 0 எழுதி முதலில் அதனை நிறுத்தவேண்டும். பின்பு மாற்றங்களை எழுதவேண்டும். அதன்பின் மீண்டும் இயக்கவேண்டும். எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்துக்கொள்வது எப்போதும் நன்று.

இனி, இரண்டு கம்பிகளோடு மூன்றாவதாக ஒரு கம்பியும் இச்சில்லில் உண்டு. தொடுநிலை மாறியவுடன் அது கீழிறங்கி அறிவிக்கும். நிலைப் பதிவகங்களைப் படித்ததும் மேலெழும். 'தொட்டார்களா, தொட்டார்களா' என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிராமல், அவ்வறிவிப்பு வந்த கணத்தையே கடிகாரத்தில் குறித்துக்கொண்டால், பேச்சின் வேகம் அளவில் தலையிடாது.

அளவுகளை எழுதும் நோட்டில், ஒவ்வோர் எண்ணின் பக்கத்திலும் சில்லின் தாமதம் 4 மில்லிவினாடி வரை இருக்கலாம் என்று குறிக்கிறேன். திரும்பத் திரும்பக் கேட்கும் நிரலை எழுதியிருந்தால் இக்குறிப்பை எழுத இயலாது. ஏனெனில் ஒவ்வொரு முறையும் தாமதம் எவ்வளவு என்று எவருக்கும் தெரிந்திராது.

நண்பர்களே! நம் ஆய்வுக்கூடங்களில் 'கம்பியை அசைத்தேன், சரியாயிற்று', 'வேகத்தைக் குறைத்தேன், சரியாயிற்று' என்னும் பேச்சை அன்றாடம் கேட்கிறோம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைகள் அவற்றுள் எத்தனையோ! வேகத்தைக் குறைப்பதும் ஒரு தீர்வே. எழுகாலத்தை அளந்து, கணக்கிட்டு, அது போதும் என்று அறிந்து குறைத்தால் அதுவே அறிவியல். அறியாமற் குறைத்தால் நோய் ஒளிந்திருக்கிறதே அன்றி ஒழியவில்லை. நாளை கம்பி அரை மீட்டர் நீண்டால் மீண்டும் வரும். அன்று அது தேர்வாளர் முன்னிலையில் வந்தாலும் வரலாம். ஆதலின், பேச்சு நின்றால் நிரலைத் திருத்த விரையாதீர்கள். முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். அடுத்து ஆசிலாஸ்கோப்பை எடுத்து, அதன் விசை '10'இல் இருக்கிறதா என்று பாருங்கள். அதன்பின் ஒன்பதாவது துடிப்பைத் தேடுங்கள். நிரலின் முறை அதற்குப் பிறகுதான் வரும்.